கிரேக்கரும் ரோமானியரும் விருத்தசேதனத்தை ஏன் இழிவாகக் கருதினர்? ஆண் உடல் குறித்த பண்டைய பார்வை

ஏடுதேடி

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கி.மு. 470 வாக்கில் தீட்டப்பட்ட ஒரு சாடி இருக்கிறது. அதை வரைந்தவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பான் ஓவியர் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். தன் நாட்டுக்கு வரும் அந்நியர்களைப் பலியிடும் எகிப்திய மன்னன் புசிரிஸின் கதை அதில் உள்ளது. பலிபீடத்துக்கு இழுத்துவரப்பட்ட கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் தன்னைச் சூழ்ந்த பூசாரிகளையே தூக்கி அடிக்கிறான். மழித்த தலையுடன் சிதறி ஓடும் பூசாரிகளின் ஆடை மேலேறிக் கிடக்க, முன்தோல் நீக்கப்பட்ட பெரிய ஆணுறுப்பும் வெளியே தெரியும் மொட்டும் பார்ப்பவர் கண்ணில் படும்படி வரையப்பட்டிருக்கின்றன. ஹெராக்ளிஸின் உறுப்போ சிறியது. முன்தோல் மொட்டை முழுவதுமாக மூடி, நுனியில் குவிந்து நிற்கிறது. யார் நாகரிகமுள்ளவன், யார் அந்நியன் என்பதை ஓவியர் முகத்தைக் கொண்டு மட்டும் சொல்லவில்லை, இந்த வேறுபாட்டைக் கொண்டும் சொல்கிறார்.

விருத்தசேதனத்தை, அதாவது ஆணுறுப்பின் முன்தோலை நீக்கும் வழக்கத்தை, கிரேக்கர்கள் வெறுத்ததற்கு மதப் பகையே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. யூதர்களோடு கிரேக்கர்களுக்கு நெருக்கமான தொடர்பு ஏற்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த அருவருப்பு வேரூன்றிவிட்டது. அதன் வேர் கிரேக்கர்களின் நிர்வாணத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து. ஆசியா மைனரில் வாழ்ந்த லிடியர்களிடமும் ஏறத்தாழ எல்லா அந்நியர்களிடமும் ஓர் ஆண் உடையின்றிக் காணப்படுவதுகூடப் பெரும் அவமானம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பொது இடத்தில் உடை களைந்து எண்ணெய் பூசிப் பயிற்சி செய்யும் வழக்கத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் ஸ்பார்ட்டர்கள் என்றும், முற்காலத்தில் ஒலிம்பியாவில்கூட வீரர்கள் இடைக்கச்சை கட்டியே போட்டியிட்டனர் என்றும் இன்னொரு வரலாற்றாசிரியரான துசிடிடீஸ் கூறுகிறார். ஆக, உடையின்றி நிற்பது கிரேக்கனுக்குத் தன் நாகரிகத்தின் அடையாளமாக இருந்தது.

ஆனால் அந்த நிர்வாணத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மொட்டு வெளியே தெரியக்கூடாது. முன்தோல் மூடியிருக்கும்வரை அவன் கண்ணியமாக நிற்பவன். அது விலகிவிட்டால் இச்சையை ஊரறியக் காட்டுபவன். பெர்லினில் உள்ள, கி.மு. 510 வாக்கில் யூஃப்ரோனியோஸ் தீட்டிய கலவைக் கிண்ணத்தில், பயிற்சிக்கு ஆயத்தமாகும் இளைஞர்களுள் ஒருவன் தலையைத் தாழ்த்தி, தன் முன்தோலை முன்னால் இழுத்துக் கட்ட முனைவதைப் பார்க்கலாம். இதற்கென ஒரு மெல்லிய தோல் வாரைப் பயன்படுத்தினர். முன்தோலின் நுனியை அதனால் முடிந்து, சிலர் மறுமுனையை இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். உடை முழுவதையும் களைந்த ஒருவன் இந்த ஒன்றுக்காக இவ்வளவு கவனம் எடுத்தான் என்றால், முன்தோலே அவன் உடலின் கடைசி ஆடையாக இருந்தது என்று கொள்வதில் தவறில்லை. விருத்தசேதனம் செய்துகொண்டவன் அந்த ஆடையை என்றென்றைக்குமாக இழந்தவன். நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பொருநைவாசகர்

மிகத் தெளிவான தொடக்கம், நன்றி நண்பரே. ஒரு கேள்வி உண்டு. கிரேக்கச் சிலைகளில் உடலின் ஒவ்வொரு தசையும் வலிமையோடு செதுக்கப்பட்டிருக்க, ஆணுறுப்பு மட்டும் ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கிறது? பல கலாசாரங்களில் பெரிய உறுப்பு ஆண்மைக்கும் வளத்துக்கும் அடையாளமாக இருந்திருக்கிறதே. நீங்கள் குறிப்பிடும் முன்தோல் விஷயத்தோடு இதற்குத் தொடர்பு உண்டா?

ஏடுதேடி

நெருங்கிய தொடர்பு உண்டு. இரண்டுக்கும் பின்னே இருப்பது அடக்கம் என்ற ஒரே விழுமியம்தான்.

கி.மு. 423இல் மேடையேறிய 'மேகங்கள்' நாடகத்தில் நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் இதை வெளிப்படையாகவே பேசவைக்கிறார். பழைய முறைக் கல்வியை ஆதரிக்கும் பாத்திரம் இளைஞனிடம், தன் சொல்லைக் கேட்டால் ஒளிரும் மார்பு, பொலிவான தோல், அகன்ற தோள், சிறிய நாக்கு, பெரிய பிட்டம், சிறிய ஆணுறுப்பு ஆகியவை வாய்க்கும் என்கிறது. புதிய முறையைப் பின்பற்றுபவனுக்கோ வெளிறிய தோல், ஒடுங்கிய மார்பு, பெரிய நாக்கு, பெரிய உறுப்பு ஆகியவற்றோடு மக்கள் அவையில் கொண்டுவரும் நீண்ட நீண்ட தீர்மானங்களும் வந்து சேரும். நாக்கும் உறுப்பும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அளவின்றிப் பேசுபவனும் அளவின்றி இச்சிப்பவனும் தன்னை ஆளத் தெரியாதவர்கள். தன்னை ஆளத் தெரியாதவன் நகரத்தை எப்படி ஆள்வான் என்பதே உள்ளே ஒலிக்கும் கேள்வி.

அரிஸ்டாட்டில் இதற்கு உடலியல் காரணம் ஒன்றையும் தருகிறார். உறுப்பு நீளமாக இருந்தால் விந்து நெடுந்தூரம் பயணிக்கையில் குளிர்ந்துவிடும், குளிர்ந்த விந்து கருத்தரிக்க உதவாது என்பது அவர் வாதம். அறிவியல்படி அது தவறானது என்றாலும், சிறிய உறுப்பு ஆண்மைக் குறைவின் அடையாளம் என்ற எண்ணமே அவருடைய உலகில் இல்லை என்பதை அது காட்டுகிறது.

பெரிய உறுப்பு யாருக்கு வரையப்பட்டது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். குடித்துக் கூத்தாடும் சாட்டிர்கள் (பாதி மனித, பாதி விலங்கு உருவான புராணப் பாத்திரங்கள்), முதியவர்கள், அடிமைகள், நகைச்சுவை நடிகர்கள் தரித்த தோலுறுப்பு ஆகியவற்றில்தான் அது வருகிறது. பாலிக்ளீட்டஸின் ஈட்டி ஏந்தியவன் சிலையிலோ, 1972இல் ரியாச்சே கடலடியில் கிடைத்த வெண்கலச் சிலைகளிலோ அது இல்லை. இந்த மரபின் பிடி எவ்வளவு உறுதியானது என்பதற்கு, 1501 முதல் 1504 வரை மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீதின் சிலையே சான்று. யூத அரசனான தாவீது விருத்தசேதனம் செய்துகொண்டவர். ஆனால் சிலையில் முன்தோல் இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலச் சிற்பி வரலாற்றைவிடக் கிரேக்க அழகு இலக்கணத்தையே பின்பற்றினார்.

கொற்கைமுத்து

நண்பர் ஏடுதேடியின் வாதம் கிரேக்கர்களைப் பொறுத்தவரை எனக்கு ஏற்புடையதே. ஆனால் இழையின் தலைப்பில் ரோமானியர்களும் இருக்கிறார்கள். இவ்விருவரையும் ஒரே மூச்சில் பேசும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

நிர்வாணத்தில் பெருமை கொள்வது தொடக்ககால ரோமானியனின் இயல்பே அல்ல. குடிமக்கள் நடுவே உடலைத் திறந்து காட்டுவதே இழிவின் தொடக்கம் என்ற பழங்கவிஞர் எனியஸின் வரியை ரோமானியப் பேச்சாளர் சிசரோ ஒப்புதலோடு எடுத்தாள்கிறார். பழமைவாத அரசியல்வாதியான மூத்த கேட்டோ தன் மகனோடு சேர்ந்து ஒருபோதும் குளித்ததில்லை என்றும், மாமனாரும் மருமகனும் ஒன்றாகக் குளிப்பதை ரோமானியர் தவிர்த்துவந்தனர் என்றும், கிரேக்கர்களிடமிருந்தே பின்னாளில் உடை களையக் கற்றனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். நிர்வாண உடற்பயிற்சிக் கூடத்தை மையமாகக் கொண்ட விளக்கத்தை இப்படிப்பட்ட சமூகத்துக்கு அப்படியே பொருத்த முடியாது.

பெரிய உறுப்பைக் குறித்த பார்வையிலும் வேறுபாடு உண்டு. ரோமானியக் குழந்தைகளின் கழுத்தில் கண்ணேறு கழிக்க ஆண்குறி வடிவத் தாயத்தைத் தொங்கவிட்டனர். குழந்தைகளை மட்டுமன்றிப் படைத்தலைவர்களையும் அது காக்கும் என்றும், வெற்றி ஊர்வலத்தில் தளபதியின் தேருக்கு அடியில் அது தொங்கவிடப்பட்டது என்றும், வெஸ்டா தேவியின் கன்னிப் பூசாரிகள் அதன் வழிபாட்டைக் கவனித்தனர் என்றும் மூத்த பிளினி குறிப்பிடுகிறார். பாம்பேயில் வெட்டியர் இல்லத்தின் நுழைவாயிலில், வளத்துக்குரிய பிரியாப்பஸ் கடவுள் தன் பேருறுப்பைத் தராசின் ஒரு தட்டிலும் காசுப்பையை மறுதட்டிலும் வைத்து நிறுக்கும் ஓவியத்தை இன்றும் காணலாம். வீட்டுக்கு வரும் விருந்தினர் முதலில் காண்பது அதைத்தான். பிரியாப்பஸ் நகைப்புக்கும் உரியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் செல்வத்துக்கும் காவலுக்கும் அடையாளமாக வாசலில் வைக்கப்படும் அளவுக்கு அந்த உருவத்துக்கு மதிப்பும் இருந்தது.

எனவே ரோமானியர் விருத்தசேதனத்தை இகழ்ந்ததற்குக் காரணம் கிரேக்க அடக்க உணர்வு மட்டுமல்ல என்கிறேன். அங்கே அது ஓர் இனத்தை அடையாளம் காட்டும் குறியாகவே முதலில் பார்க்கப்பட்டது. பெட்ரோனியஸின் 'சாட்டிரிக்கான்' கதையில், கப்பலில் மாட்டிக்கொண்டவர்கள் மாறுவேடம் போட வழி தேடுகிறார்கள். அப்போது ஒருவன், அப்படியானால் யூதர்களைப் போலத் தெரிய நம்மை விருத்தசேதனம் செய்துவிடு, அரேபியரைப் போலத் தெரியக் காதைக் குத்து, காலியரைப் (இன்றைய பிரான்ஸ் பகுதி மக்களை) போலத் தெரிய முகத்தில் சுண்ணம் பூசு என்று ஏளனமாகச் சொல்கிறான். அழகு, அழகின்மை பற்றிய பேச்சே அதில் இல்லை.

மருந்தகக்குறிப்பு

இரு நண்பர்களும் இலக்கியத்தையும் கலையையும் பேசிவிட்டீர்கள். மருத்துவ நூல்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது; ஏனெனில் ஒரு சமூகம் எதை நோயாகக் கருதுகிறதோ அதிலிருந்து அது எதை இயல்பாகக் கருதுகிறது என்பது தெரிந்துவிடும்.

மொட்டை மூடும் அளவுக்கு முன்தோல் இல்லாதிருப்பதைக் கிரேக்க மருத்துவர்கள் ஒரு குறைபாடாகவே பெயரிட்டு வகைப்படுத்தியிருந்தனர். பிறவியிலேயே தோல் குறைவாக இருப்பவர்களும் இதில் அடங்குவர். கி.பி. 2ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில் எழுதிய மருத்துவர் சொரானஸ், பச்சிளம் குழந்தையை வளர்க்கும் செவிலிக்குக் குளிப்பாட்டுவதையும் துணி சுற்றுவதையும் விளக்கும் பகுதியிலேயே, குழந்தையின் முன்தோல் குட்டையாகத் தெரிந்தால் அதை மெல்ல முன்னால் இழுத்துவிட வேண்டும், தேவைப்பட்டால் கம்பளி நூலால் கட்டி நிறுத்த வேண்டும் என்கிறார். சிறிது சிறிதாக இழுக்க இழுக்கத் தோல் நீண்டு தன் இடத்தில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. மருத்துவர் கேலனும் முன்தோலை இயற்கை உடலுக்கு அளித்த அணியாகவே பேசுகிறார்.

செல்சஸ், ரோமானியப் பேரரசன் திபேரியஸ் காலத்தில் இலத்தீனில் மருத்துவம் எழுதியவர். அவரிடம் முழு அறுவை முறையே இருக்கிறது. அழகுக்காக மொட்டை மூட விரும்புபவருக்கு இதைச் செய்யலாம் என்று தொடங்குகிறார். சிறுவனுக்குச் செய்வது பெரியவனுக்குச் செய்வதைவிட எளிது, இயற்கையிலேயே தோல் குறைந்தவனுக்குச் செய்வது விருத்தசேதனம் செய்யப்பட்டவனுக்குச் செய்வதைவிட எளிது என்று வகைப்படுத்துகிறார். விருத்தசேதனம் செய்யப்பட்டவனுக்கு மொட்டின் விளிம்பை ஒட்டித் தோலை உட்புறத்திலிருந்து கத்தியால் விடுவிக்க வேண்டும். பிறகு அதை அடிவரை கையால் உரித்து, மீண்டும் முன்னால் இழுத்து மொட்டின்மேல் மூட வேண்டும். அதிக வலி இருக்காது என்றும் சொல்கிறார். மயக்க மருந்தில்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்த வரியை எந்த மருத்துவரும் நம்பமாட்டார். பிறகு குளிர்ந்த நீரால் நனைத்து மருந்துப் பற்றுப் போட வேண்டும். அடுத்து வரும் நாள்களில் நோயாளி பசியால் துவளும் நிலை வரை உணவைக் குறைக்க வேண்டும்; வயிறு நிறைந்தால் அந்த உறுப்பு கிளர்ச்சியுற்றுவிடும் என்பது அதற்குக் காரணம். காயம் பிரிந்துவிடாமல் காக்கும் இந்த அறிவுரை, செய்து பார்த்தவர் ஒருவரின் அனுபவத்திலிருந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது.

கொற்கைமுத்து ஐயாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செல்சஸ் ரோமானிய வாசகர்களுக்காக எழுதியவர். 'அழகுக்காக' என்ற காரணம் அவரிடமும் இருக்கிறது. ஆகவே ரோமில் அழகுணர்வுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதே பகுதியில் அவர் முன்தோலில் வளையம் மாட்டும் முறையையும் விளக்குகிறார். ஊசி நூலால் துளையிட்டு, துளை ஆறும்வரை நூலை நாள்தோறும் அசைத்து, பிறகு வளையத்தைக் கோப்பார்கள். இளம் பாடகர்களின் குரல் காக்கவும் உடல்நலம் காக்கவும் இதைச் செய்தனர். பெரும்பாலும் இது தேவையற்ற வேலை என்பது செல்சஸின் சொந்தத் தீர்ப்பு.

நெறியாளர்

இன்றைய விருத்தசேதனம் அல்லது சுன்னத் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தைத் தொடங்கிய இரு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறோம். இந்த இழை பண்டைய கிரேக்க, ரோமானிய உலகத்தைப் பற்றியது மட்டுமே.

எருசலேம்வழி

செல்சஸ் விளக்கும் அறுவையை யார் நாடினார்கள் என்ற கேள்விக்கு யூத நூல்களில் விடை இருக்கிறது.

கி.மு. 175 வாக்கில், எருசலேமைத் தன் ஆட்சிக்குள் வைத்திருந்த கிரேக்க மரபு அரசன் நான்காம் அந்தியோக்கஸின் காலத்தில், தலைமைக் குரு பதவியைப் பணம் கொடுத்துப் பெற்ற யாசோன் எருசலேமில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தைக் கட்டினான். கோயிலுக்கு அருகிலேயே இளைஞர்கள் கிரேக்க முறையில் பயிற்சி செய்யத் தொடங்கினர். அவர்களில் சிலர் தங்கள் விருத்தசேதனத்தின் அடையாளத்தை மறைத்துக்கொண்டனர் என்று யூத வரலாற்று நூலான மக்கபேயர் முதல் நூல் வருத்தத்தோடு பதிவு செய்கிறது. உடை களைந்த நிலையிலும் கிரேக்கர்களாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தனர் என்று யூத வரலாற்றாசிரியர் ஜோசிஃபஸ் காரணத்தையும் சொல்கிறார். உடற்பயிற்சிக் கூடம் அன்று வெறும் விளையாட்டிடம் அல்ல. கிரேக்க நகர்களில் குடியுரிமையும் நட்பும் பதவியும் அங்கிருந்துதான் தொடங்கின. உள்ளே நுழைய உடை களைய வேண்டும். உடை களைந்தால் ஊர் முழுதும் பார்த்துவிடும். ஓர் இளைஞனை அந்த அழுத்தம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நாம் உணர முயல வேண்டும்.

சில ஆண்டுகளில், கி.மு. 167இல், அதே அந்தியோக்கஸ் விருத்தசேதனத்தையே தடை செய்தான். தங்கள் மகன்களுக்கு அதைச் செய்த தாய்மார் கொல்லப்பட்டனர். அவர்களுடைய குழந்தைகள் அவர்கள் கழுத்திலேயே தொங்கவிடப்பட்டனர். மக்கபேயர் என்ற யூதக் குடும்பத்தின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அந்தக் கிளர்ச்சியின் வழிவந்த ஆட்சியாளர்கள் பிற்காலத்தில் செய்ததையும் மறைக்கக்கூடாது. யோவான் ஹிர்கானஸ் தான் வென்ற அண்டை மக்களான இதுமேயர்கள் நாட்டில் தங்கவேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்தினான். முன்பு தடைக்கு உள்ளான அடையாளம், ஆட்சி கைமாறியதும் திணிப்புக்குக் கருவியாயிற்று.

கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவிலும் அடையாளத்தை மறைக்கும் வழக்கம் தொடர்ந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் பவுல், விருத்தசேதனம் பெற்றவனாய் அழைக்கப்பட்டவன் அதை மறைக்க முயல வேண்டாம், பெறாதவனாய் அழைக்கப்பட்டவன் அதைப் பெறவும் வேண்டாம் என்கிறார். யூதரல்லாதவர் கிறிஸ்தவராக விருத்தசேதனம் கட்டாயமா என்ற வழக்கு திருத்தூதர்கள் கூடிய எருசலேம் சங்கம்வரை போனதற்கு இறையியல் காரணங்களே முதன்மையானவை. ஆனால் கிரேக்கச் சூழலில் வளர்ந்த ஓர் ஆணுக்கு, ஊரார் ஏளனம் செய்யும் உடலோடு வாழ்வது எவ்வளவு பெரிய தடையாக இருந்திருக்கும் என்பதையும் சேர்த்தே அந்த வழக்கை வாசிக்க வேண்டும்.

இந்த ஏளனத்துக்கு யூத அறிஞர்கள் அவர்களுடைய மொழியிலேயே விடையளித்தனர். அலெக்சாந்திரியாவின் ஃபைலோ, பலராலும் நகைக்கப்படும் வழக்கம் என்று ஒப்புக்கொண்டே தொடங்கி, நோய்த் தடுப்பு, தூய்மை, மகப்பேறு என்று காரணங்களை அடுக்குகிறார். இச்சையை வெட்டி எறிவதன் குறியீடு அது என்றும் சொல்கிறார். ஏடுதேடி அவர்கள் சொன்ன அதே அடக்கம்! கிரேக்கன் முன்தோலை மூடிவைப்பதில் கண்ட அடக்கத்தை, ஃபைலோ அதை நீக்குவதில் காண்கிறார்.

கொற்கைமுத்து

எருசலேம்வழி அவர்களின் பதிவு என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. அரசு தலையிடும்போதுதான் இந்தக் கதை உண்மையில் கொடியதாகிறது. சகோதரி மருந்தகக்குறிப்பு சுட்டிய செல்சஸின் சான்றை மதிக்கிறேன். ஆனால் அழகுணர்வு யாரையும் நீதிமன்றத்தில் நிறுத்துவதில்லை.

கி.பி. 70இல் எருசலேம் கோயில் இடிக்கப்பட்ட பிறகு, யூத ஆண்கள் அக்கோயிலுக்கு ஆண்டுதோறும் செலுத்திவந்த 2 திராக்மா வரிப்பணத்தை ரோமின் ஜூப்பிட்டர் கோயிலுக்குச் செலுத்த வேண்டும் என்று பேரரசன் வெஸ்பாசியன் ஆணையிட்டான். பெண்களும் குழந்தைகளும்கூட இந்த வரிக்குள் வந்தனர். அவன் மகனான பேரரசன் டொமிஷியன் காலத்தில் இதை மிகக் கடுமையாக வசூலித்தனர். தான் இளைஞனாக இருந்தபோது, கூட்டம் நிறைந்த அவையில் ஒரு 90 வயது முதியவரை, அவர் விருத்தசேதனம் செய்தவரா என்று வரி அதிகாரி சோதித்ததை நேரில் கண்டதாகச் சூட்டோனியஸ் எழுதுகிறார். அந்த வரலாற்றாசிரியர் யூதர்களின் நண்பரல்லர்; ஆனாலும் அந்தக் காட்சி அவர் நினைவில் தங்கிவிட்டது. கி.பி. 96இல் பதவியேற்ற நெர்வா, இந்த வரியின் பெயரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டன என்று நாணயத்திலேயே பொறித்து வெளியிட்டான். ஒரு பேரரசன் நாணயத்தில் அறிவிக்கும் அளவுக்கு அந்த அவமானம் ஊரறிந்ததாக இருந்தது.

அதே காலத்தில் ரோமானியக் கவிஞர் மார்ஷியல் எழுதிய ஒரு சிறு கவிதையை இத்துடன் வைத்துப் பாருங்கள். மெனோஃபிலஸ் என்பவன் பெரிய வளையம் ஒன்றை மாட்டிக்கொண்டு திரிகிறான். குரலைக் காப்பதற்காக என்று கவிஞர் எண்ணியிருந்தார். ஒருநாள் பயிற்சிக் களத்தின் நடுவே வளையம் கழன்று விழ, அவன் விருத்தசேதனம் செய்தவன் என்பது வெளிப்படுகிறது. கவிதையில் இது சிரிப்புக்காகச் சொல்லப்பட்டது. வரி அதிகாரிகள் உடலைச் சோதித்த ஒரு நகரத்தில் அவன் எதற்காக மறைத்தான் என்று நான் கேட்கிறேன்.

அடுத்து பேரரசன் ஹாட்ரியன். அவன் விருத்தசேதனத்தைத் தடை செய்ததே கி.பி. 132இல் வெடித்த பார் கொக்பா போருக்குக் (ரோமுக்கு எதிரான யூதக் கிளர்ச்சிக்கு) காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். இதைச் சொல்வது நெடுங்காலத்துக்குப் பின் தொகுக்கப்பட்ட 'ஹிஸ்டோரியா அகுஸ்தா' மட்டுமே. வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ கூறும் காரணம் வேறு: எருசலேம் இருந்த இடத்தில் புதிய ரோமானிய நகரத்தையும் ஜூப்பிட்டர் கோயிலையும் எழுப்ப முனைந்தது. எனவே தடையைப் போருக்கு முந்தியதாக உறுதியோடு சொல்வதை நான் தவிர்ப்பேன். உறுதியாகத் தெரிந்தது அதன்பின் வந்தது. கி.பி. 138 முதல் 161 வரை ஆண்ட அந்தோனினஸ் பயஸ், யூதர்கள் தங்கள் சொந்த மகன்களுக்கு மட்டும் விருத்தசேதனம் செய்யலாம், வேறு எவருக்கும் செய்தால் ஆண்மை நீக்கியவனுக்குரிய தண்டனை என்று ஆணையிட்டதைச் சட்டத் தொகுப்பில் சட்ட அறிஞர் மொடஸ்டினஸ் பதிவு செய்திருக்கிறார்.

ஏடுதேடி

ஐயா சொல்வதில் சட்டப் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அவர் கடைசியாகக் காட்டிய சான்றையே என் பக்கத்துக்கும் எடுத்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும். ஆண்மை நீக்கத்துக்குரிய தண்டனையை ஏன் விருத்தசேதனத்துக்குப் பொருத்தினார்கள்? தோலை மட்டும் நீக்குவதும் விதைகளை நீக்குவதும் ஒன்றல்ல என்பது ரோமானியச் சட்ட அறிஞர்களுக்குத் தெரியாதா? இரண்டையும் உடலைச் சிதைத்தல் என்ற ஒரே தலைப்பில் வைக்க வேண்டுமானால், முழுமையான ஆண் உடல் என்பது முன்தோலோடு கூடியதுதான் என்ற எண்ணம் அவர்களுக்குள் முன்பே ஊறியிருக்க வேண்டும். கிரேக்கச் சாடியில் அழகின் இலக்கணமாக இருந்த அந்த எண்ணம் ரோமானியரின் கையில் சட்டத்தின் அளவுகோலாகிவிட்டது. அரசதிகாரம் இல்லாமல் இந்தக் கொடுமைகள் நடந்திரா. அழகுணர்வு இல்லாமல் அரசதிகாரம் இந்த உறுப்பைத் தேர்ந்திருக்காது.

பொருநைவாசகர்

இழையின் தொடக்கத்தில் வந்த எகிப்தியப் பூசாரிகள் என்ன ஆனார்கள்? அந்தோனினஸின் விலக்கு யூதர்களுக்கு மட்டும் என்றால், அவர்களுக்கும் தடைதானே?

மருந்தகக்குறிப்பு

தடையிலிருந்து அவர்கள் தனித்தனியே அனுமதி பெற வேண்டியிருந்தது. எகிப்திய வறண்ட மணலில் கிடைத்த 2ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடுகளில் அந்த நடைமுறையைக் காண முடிகிறது. மகனுக்கு விருத்தசேதனம் செய்ய விரும்பும் பூசாரி, தாங்கள் பூசாரி வழிவந்தவர்கள் என்பதற்கான சான்றுகளோடு மாவட்ட ஆட்சியாளரிடம் விண்ணப்பிப்பார். அவர் தரும் கடிதத்தோடு மெம்பிஸில் உள்ள தலைமைப் பூசாரியிடம் சிறுவனை அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே சிறுவன் உடலில் ஏதேனும் மறு இருக்கிறதா என்று கோயில் எழுத்தர்களிடம் கேட்பார்கள். குறையேதும் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகே எழுத்துமூல அனுமதி கிடைக்கும். கி.பி. 171ஆம் ஆண்டின் பதிவொன்று இப்படித்தான் முடிகிறது.

ஹெரோடோட்டஸ் எகிப்தியர்களின் இந்த வழக்கத்தைப் பற்றி, அழகாக இருப்பதைவிடத் தூய்மையாக இருப்பதையே அவர்கள் மேலாகக் கருதினர் என்று எழுதி அதற்குள் ஏறத்தாழ 600 ஆண்டுகள் கடந்திருந்தன. பூசாரிகள் தங்கள் காரணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதைச் செய்ய ரோமானிய அதிகாரியின் கையொப்பம் தேவைப்பட்டது என்பதே புதியது.